வாரேன்

லிவர்பூல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காலேஜ் பையன் என்றால் சிவப்புச் சட்டை ஃபுட்பால் டீம். தலை நரைத்தவர் என்றால் பீட்டில்ஸ். இரண்டும் சரிதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லும்போது பந்தையும் பாட்டையும் தவிர இரண்டு கணக்குகளையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

முதல் கணக்கு: 1830-லிருந்து 1930 வரை, நூறு வருஷத்தில், லிவர்பூல் துறைமுகத்தில் கப்பலேறிப் பிழைப்புத் தேடிப் போனவர்கள் சுமார் 90 லட்சம் பேர். பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். இரண்டாவது, சொல்லக் கூசுகிற கணக்கு: 1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்கிறவரை லிவர்பூல் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அள்ளிக்கொண்டு போன மனிதர்கள் சுமார் 15 லட்சம் பேர். 1999-ல் அந்த ஊர் நகரசபை இதற்காகத் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. 2007-ல் பழைய கப்பல்துறையிலேயே இதற்கென்று ஒரு மியூசியம் திறந்தார்கள். 2004-ல் யுனெஸ்கோ கொடுத்த உலகப் பாரம்பரியப் பட்டத்தை, கரையோரம் புதுக் கட்டடங்களாக எழுப்பித் தள்ளியதால் 2021-ல் பறிகொடுத்தார்கள். அது வேறு கதை.

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு லிவர்பூல் எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. நம்மிடமும் ஒரு துறைமுகம் இருந்தது. அதைப் பற்றி ஒரு பிரமாதமான பாட்டும் இருக்கிறது. அந்தப் பாட்டை நாம் ரொம்ப நாளாகப் பாதிதான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

பாட்டு, பட்டினப்பாலை. பத்துப்பாட்டில் ஒன்று. 301 வரி. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் கரிகாலன். ஊர், காவிரிப்பூம்பட்டினம். இதற்காகக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்தான் என்று பிற்காலத்துக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. வரிக்கு 5,300 பொன்னுக்கு மேல் வருகிறது. இன்றைய சினிமாப் பாடலாசிரியர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டிலிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? ஒரு லிஸ்ட். கடல்வழியாகக் குதிரை வந்தது, வண்டியில் மிளகு மூட்டை வந்தது, வடமலையிலிருந்து மணியும் பொன்னும், மேற்கு மலையிலிருந்து சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைச் சரக்கு, காவிரிச் சரக்கு, ஈழத்து உணவு, காழகத்துப் பண்டம். மனப்பாடம் செய்து எழுதினால் ஐந்து மார்க். இன்றைக்கும் தமிழனின் வாணிபப் பெருமை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த லிஸ்ட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

லிஸ்ட் தப்பில்லை. அதைச் சுற்றி உருத்திரங்கண்ணனார் வரைந்திருக்கும் காட்சிகள் இன்னும் விசேஷம். சுங்க அதிகாரிகள் சூரியனின் தேர்க்குதிரை மாதிரி ஓயாமல் வேலை பார்க்கிறார்கள். (கஸ்டம்ஸ்காரர்களுக்கு இப்படி ஒரு சர்ட்டிஃபிகேட் அதற்கப்புறம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.) கடலில் மொண்ட நீரை மேகம் மலையில் கொட்டுவதும், மலையில் பெய்த மழை கடலுக்குத் திரும்புவதும் போலச் சரக்கு இறங்குகிறது, ஏறுகிறது. புலி முத்திரை குத்திய மூட்டைகள் மலை மாதிரி குவிந்திருக்க, அதன்மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளி விளையாடுகின்றன. முற்றத்தில் காயும் நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதில் கிடந்த பொன் குழையைக் கழற்றி எறிகிறாள். அது விழுந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளின் மூன்று சக்கர வண்டி முட்டி நிற்கிறது. செழிப்பைச் சொல்ல இதைவிடக் குறும்பான வழி இருக்கிறதா?

சாதாரண ஜனங்களும் பாட்டில் உண்டு. பௌர்ணமி அன்றைக்குக் கடலுக்குப் போகாமல், சுறாக்கொம்பை நட்டுச் சாமி கும்பிட்டு, குடித்து ஆடுகிற பரதவர்கள் வருகிறார்கள். கடலில் குளித்துவிட்டு, உப்புப் போக ஆற்றில் ஒரு முழுக்குப் போடுகிறார்கள். உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு வந்த படகுகள் லாயத்துக் குதிரைகள் போல வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஒரு பத்திரிகைக்காரரின் கண் இது.

இதோடு புத்தகத்தை மூடிவிட்டால் பட்டினப்பாலை ஒரு நல்ல டூரிஸ்ட் கைடு. பெரும்பாலானவர்கள் இங்கேதான் மூடுகிறார்கள்.

ஆனால் பாட்டின் பெயரைப் பாருங்கள். பட்டினத்துக்குப் பக்கத்தில் 'பாலை' எதற்கு வந்தது? பாலை என்றால் பிரிவு. துறைமுகத்தின் பெருமையைப் பாட வந்தவர் தலைப்பிலேயே ஏன் பிரிவைக் கொண்டுவந்து வைத்தார்?

பாட்டின் முக்கால் பாகத்துக்குப் பக்கத்தில், 217 வரி தாண்டியதும், விஷயம் வெளிப்படுகிறது. அதுவரை நமக்கு ஊரைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த குரல் புலவருடையது என்று நினைத்திருப்போம். இல்லை. பேசிக்கொண்டிருந்தவன் ஒரு புருஷன். வீட்டு வாசலில் நிற்கிறான். பொருள் தேட வெளியூர் போகலாமா என்று அவன் மனசு நச்சரிக்கிறது. அந்த மனசுக்குத்தான் பதில் சொல்கிறான்: இத்தனை சிறப்புள்ள பட்டினமே எனக்குக் கிடைத்தாலும் இவளை விட்டுவிட்டு நான் வரமாட்டேன்.

குதிரை, மிளகு, முத்து, பவளம், புலி முத்திரை எல்லாம் ஒரேயொரு 'கிடைத்தாலும்' என்ற சொல்லில் வந்து தொங்குகின்றன. இருநூற்றுச் சொச்சம் வரி வர்ணனை ஒரு வாக்கியத்தின் நிபந்தனைப் பகுதி. தராசின் ஒரு தட்டில் உலகத்துச் சரக்கையெல்லாம் ஏற்றி வைத்துவிட்டு, அடுத்த தட்டில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, அவள் பக்கம் தாழ்ந்தது என்று முடிக்கிறார் புலவர். நாமோ முதல் தட்டில் இருந்ததை மட்டும் எண்ணி மார்க் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'வரமாட்டேன்' என்று அவன் சொல்வதற்குச் சற்று முன்னால் கடைசியாக வரும் காட்சி எது தெரியுமா? வேறு வேறு மொழி பேசும் தேசங்களிலிருந்து ஊரை விட்டு வந்தவர்கள் அந்தப் பட்டினத்தில் கலந்து பழகி வாழ்கிறார்கள் என்பது. அவர்களைச் சொல்ல அவர் போடும் சொல் 'புலம்பெயர்'. ஆமாம், கனடாவிலும் பாரிஸிலும் இருக்கிற ஈழத் தமிழர்களைப் பற்றி நாம் இன்று எழுதும் அதே சொல். புலம்பெயர்ந்தவர்களைப் பார்த்து முடித்த கையோடு இவன் நான் பெயரமாட்டேன் என்கிறான். துறைமுகத்தின் கடைசிச் சரக்கு மனிதர்கள் என்று தெரிந்துதான் இந்த வரிசையை வைத்தாரோ என்று தோன்றுகிறது.

காதல் என்பது சும்மா ஒரு சாக்கு, ராஜாவைப் புகழ்வதுதான் நோக்கம் என்று சொல்வாரும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 'வரமாட்டேன்' சொன்ன பிறகு மீதி எண்பது வரி கரிகாலனுக்குப் போகிறது. சிறையிலிருந்து தப்பித்தது, எதிரி நாடுகளைப் பாழாக்கியது, காட்டை அழித்து நாடாக்கியது, குளம் வெட்டியது, கூடவே நம்ம உறையூர். எல்லாம் சொல்லிக் கடைசியில் எங்கே வந்து நிற்கிறார்? நான் போக வேண்டிய காடு கரிகாலன் எதிரிமேல் ஓங்கிய வேலைவிடச் சுடும். இவள் தோள் அவன் செங்கோலைவிடக் குளிர்ச்சி. அவ்வளவுதான் பாட்டு. காசு கொடுத்த ராஜாவையே வீட்டிலிருக்கும் பெண்ணின் தோளை அளக்க ஒரு அளவுகோலாக ஆக்கிவிட்டார். 16 லட்சம் பொன் கொடுத்தவன் இதைக் கவனித்தானா?

மறைமலையடிகள் 1906-ல் இந்தப் பாட்டுக்கு ஒரு ஆராய்ச்சியுரை எழுதினார். அவரே நாகப்பட்டினத்தில், ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கிற சொல்லை எங்கோ கொண்டுபோய் ஒட்டிப் பொருள் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. பாட்டு ஓடுகிற போக்கிலேயே படிக்க வேண்டும் என்றார். நல்ல யோசனை. இந்தப் பாட்டின் அடியை வாங்கிக்கொள்ள அந்த வரிசையில் படிப்பதுதான் வழி.

பட்டினம் கடலோரத்தில். சரி, திருச்சிக்கு என்ன சம்பந்தம்?

துறைமுகம் என்பது கப்பல் நிற்கிற இடம் மட்டுமா? சரக்கு எங்கே பிறக்கிறதோ அங்கேயே துறைமுகம் ஆரம்பிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேட்டில், கரையிலிருந்து உள்ளே தள்ளி 'அர்காரு' என்று ஓர் இடம் வருகிறது. அங்கிருந்து மெல்லிய மஸ்லின் துணி ஏற்றுமதியாகிறது என்கிறார். அது நம் உறையூர் என்பது அறிஞர்களின் முடிவு. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் தோண்டியபோது ரோமாபுரித் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளோடு சாயத்தொட்டி ஒன்றும் கிடைத்தது.

ஆயிரத்தெண்ணூறு வருஷம் கழித்து உறையூர்ச் சரக்கு மறுபடி கப்பலேறியது. இந்தத் தடவை சுருட்டு. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த இடத்துச் சாம்பலைப் பார்த்தே 'ட்ரிச்சினாப்பள்ளி சுருட்டு' என்று சொல்லிவிடுகிறார் அந்தத் துப்பறியும் மேதை. லண்டனில் சாம்பலைக்கூட அடையாளம் கண்டுவிட்டார்கள். உறையூர்ச் சந்தில் உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டிய விரல்கள் யாருடையவை என்று எந்த ஹோம்ஸும் கேட்கவில்லை.

பட்டினப்பாலையிலும் இந்தக் குறை இருக்கிறது. ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புகழ்பெற்ற லிஸ்ட்டில் எல்லாச் சரக்கும் தானாகவே வருகிறது. குதிரை வந்தது, மூட்டை வந்தது, மணி வந்தது. யார் ஏற்றினான், யார் இறக்கினான், எத்தனை நாள் வீட்டைப் பார்க்காமல் இருந்தான்? மூட்டைமேல் குதிக்கிற ஆட்டுக்கிடாய்க்குக் கிடைத்த இடம் மூட்டை தூக்கியவனுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூந்தல், நகை, தோள், அவ்வளவுதான் அவள். மற்ற அகப்பாடல்களில் பெண்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த மௌனம் உறுத்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், பாட்டுத் தலைவனுக்கு 'மாட்டேன்' சொல்ல வசதி இருந்தது.

பின்னால் வந்தவர்களுக்கு அது இல்லை. 1860-களின் ஆரம்பத்தில் ஒரு ஆங்கிலேயக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் போட்டது. ஆறு செய்துகொண்டிருந்த வேலையை ரயில் எடுத்துக்கொண்டது. உள்ளூரிலிருந்து துறைமுகத்துக்கு, துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும். 1926-ல் கட்டப்பட்ட 'ராஜூலா' கப்பல் பெயரைச் சொன்னால் இன்றும் பழைய ஆட்கள் கண் கலங்குகிறார்கள். அதற்கும் முன்பே, 1904-ல், இலங்கைத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் சேர்க்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். அதன் தலைமை அலுவலகம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? சென்னையில் இல்லை, தூத்துக்குடியில் இல்லை. திருச்சிராப்பள்ளியில். கங்காணிகள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் பிடித்தார்கள். முன்பணம் கடனாகக் கழுத்தில் ஏறியது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடியது.

அவர்கள் அங்கே காடு அழித்துப் போட்ட தேயிலைத் தோட்டங்கள் நின்றன. அவர்கள் நிற்க முடியவில்லை. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தேயிலைப் பெட்டிக் கணக்கு மாதிரி மனிதக் கணக்கு. எந்த வழியாகப் போனார்களோ அதே வழியாகப் பேரன் பேத்திகள் 'திரும்பி' வந்தார்கள், ஒரு நாளும் பார்த்திராத ஊருக்கு. அதற்கப்புறம் 1983 கலவரம், யுத்தம், அகதிகள். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-லிருந்து இந்த மாதிரி முகாம்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் மறுவாழ்வு முகாம். பெயர் மாறியது நல்லதுதான். புலம்பெயர்ந்தவர்கள் கலந்து இனிமையாக வாழ்ந்தார்கள் என்று பட்டினத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற நாம், நம் வாசலில் இருக்கும் முகாமுக்கு முன்னால் அதே வரியைச் சத்தமாகப் படிக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

அந்த விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் புது டெர்மினல் திறந்தார்கள். வருஷத்துக்கு 44 லட்சம் பேர் வந்து போகும்படி கட்டியது. உள்ளே கோலமும் ஸ்ரீரங்கத்து வண்ணங்களும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று விமானங்கள். கடலே இல்லாத ஊரில் இதுதான் நம் துறைமுகம். புதுக்கோட்டை, பெரம்பலூர், சிவகங்கை என்று சுற்றுவட்டாரமெல்லாம் இங்கே வந்துதான் கடல் தாண்டுகிறது. சுங்க அதிகாரிகள் இங்கேயும் சூரியனின் குதிரைகள்தான். தங்கம் பிடித்த செய்தி இல்லாத வாரம் அபூர்வம். நாம் பேப்பரில் படிப்பது அந்தத் தங்கத்தைத்தான். மறுபடியும் லிஸ்ட். இரண்டு வருஷ விசாவில் போகிறவன் வாசலில் என்ன சொல்லிவிட்டு வந்தான் என்பது செய்தியில் வராது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை கைவசம் உண்டு. பட்டாபிஷேகத்துக்கு வந்த விபீஷணனுக்கு ராமர் ரங்க விமானத்தைப் பரிசாகக் கொடுத்தார். இலங்கைக்கு எடுத்துப் போகிற வழியில் காவிரிக் கரையில் இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கினால் வரவில்லை. அழுதவனிடம் பெருமாள், நான் இங்கேயே இருக்கிறேன், உன் ஊரைப் பார்த்தபடி படுத்துக்கொள்கிறேன் என்றாராம். அதனால்தான் இன்றும் தெற்குப் பார்த்த சயனம். கடல் தாண்ட மாட்டேன் என்று சொல்லக் கடவுளுக்கு முடிந்தது. போனவனைப் பார்த்தபடியே படுத்திருப்பதும் பிரிவில் ஒரு பாதி என்பது இந்தக் கதையைச் சொன்ன யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மறுபடி பாட்டுக்கு வருவோம். தலைவன் போகவில்லை, சுபம் என்று நீங்கள் நிம்மதியாகிவிட வேண்டாம். புறப்பட நினைத்தவன் தயங்கி நிற்பதற்கு இலக்கணத்தில் 'செலவழுங்குதல்' என்று பெயர். அதற்குத் தொல்காப்பியம் ஒரு விளக்கம் சொல்கிறது: இது போகாமலே இருந்துவிடுவது இல்லை, அவளைத் தேற்றுவதற்காகக் கொஞ்சம் தாமதிக்கிறான், அவ்வளவுதான். அதாவது, போவான். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாசம். இது தெரிந்து படித்தால் அந்த 217 வரி வேறு மாதிரி கேட்கிறது. ஒருவன் தன்னை இழுக்கிற ஊரை அணு அணுவாக வர்ணித்துக்கொண்டே 'அங்கே போகமாட்டேன்' என்றால், அவன் மனசு ஏற்கெனவே பாதி வழி போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

லிவர்பூல் தன்னிடமிருந்து போனவர்களையும், தான் கொண்டுபோனவர்களையும் எண்ணி வைத்திருக்கிறது. நம் கணக்கு எண்ணாமல் கிடக்கிறது. ஆனால் அதைத் தொடங்கி வைக்கிற பாட்டு நம்மிடம் இருக்கிறது. உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்துவிட்டார். எளிய உரைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். லிஸ்ட்டில் நிற்காமல் வாசலில் நிற்கிறவன்வரை போய்ப் பாருங்கள்.

அவன் சொன்ன சொல்லை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 'வரமாட்டேன்' என்பதற்குப் பாட்டில் இருக்கும் பழந்தமிழ்ச் சொல் 'வாரேன்'. எதிர்மறை. தெற்குச் சீமையில் இன்றும் அதே சொல் உண்டு, தலைகீழாக. கையில் பாஸ்போர்ட்டோடு படியிறங்குகிறவன், நிலைப்படியில் நிற்கிறவளிடம் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'வாரேன்' என்றுதான் சொல்கிறான்.